ஒக்ஸானாவின் தகப்பன் எங்கே?

வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த பழைய பத்திரிகை நறுக்குகளைக் கடந்த வாரம் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறையான் விட்டுவைத்தவை கொஞ்சந்தான். அவற்றுள் 1994 பெப்ரவரி இறுதியில் வெளிவந்த விளையாட்டுப் பக்கம் ஒன்றும் இருந்தது. "பெற்றோரை இழந்த சிறுமி உலகை வென்றாள்" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதன் கீழே மங்கிப்போன கறுப்பு வெள்ளைப் படத்தில், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாத முகத்துடன் ஒரு பதினாறு வயதுப் பெண். உக்ரேன் நாட்டு வீராங்கனை ஒக்ஸானா பயூல்.

அந்தத் தலைப்பு என்னுடையது. அது பிழையான தலைப்பு. பிழை என்பதை அன்றே ஒருவர் எனக்குச் சொன்னார், நான்தான் கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் பெற்றுக் கொழும்பிலே தமிழ் நாளேடு ஒன்றின் ஆசிரிய பீடத்தில் சேர்ந்து அதிக காலம் ஆகாத வேளை அது. வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்ப்பது என் வேலை. செய்தி நிறுவனங்களின் ஆங்கிலத் தாள்கள் மேசையில் குவியும். அவற்றில் நமது வாசகருக்கு ஏற்றதைத் தெரிந்து தமிழாக்கிக் கொடுக்க வேண்டும். பனிக்கட்டியை மீன் சந்தையிலும் சர்பத் கடையிலும் மட்டுமே கண்டிருந்த எனக்கு, அறுபது மீற்றர் நீளமும் முப்பது மீற்றர் அகலமும் கொண்ட பனித்தளத்திலே இசைக்கு ஏற்பச் சுழன்று தாவும் இந்த விளையாட்டைத் தமிழில் என்னவென்று அழைப்பது என்பதே பெரும் சிக்கலாக இருந்தது. கடைசியில் 'பனிச்சறுக்கு நடனம்' என்று எழுதினேன். அது நடனமா விளையாட்டா என்ற விவாதம் ஆங்கிலத்திலேயே இன்னும் ஓயவில்லை என்பதால் அந்தச் சொல்லுக்காக நான் வருந்தவில்லை.

செய்தியின் சாரம் இதுதான். ஒக்ஸானா 1977 நவம்பர் மாதம், அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த உக்ரேனின் நிப்ரோபெத்ரொவ்ஸ்க் நகரில் பிறந்தார். (2016 இலிருந்து அந்நகரின் பெயர் நிப்ரோ.) அவருக்கு இரண்டு வயதாக இருக்கையில் தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய் பிரெஞ்சு மொழி கற்பிக்கும் ஆசிரியை. தாயும், தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் பிள்ளையை வளர்த்தனர். பாட்டன் 1987 இல் இறந்தார். பாட்டி 1988 இல். 1991 இல் தாயையும் புற்றுநோய் கொண்டுபோயிற்று. ஒக்ஸானாவுக்கு அப்போது வயது பதின்மூன்று. அதே ஆண்டின் இறுதியில் சோவியத் ஒன்றியமும் கலைந்தது. விளையாட்டு வீரர்களைச் சிறு வயதிலேயே பொறுக்கியெடுத்துச் சம்பளமும் சப்பாத்தும் கொடுத்து வளர்த்த அரசு இல்லாமற் போனது. 1992 இல் அவருடைய பயிற்றுநரும் பிழைப்புத் தேடிக் கனடாவுக்குப் புறப்பட்டுவிட்டார். போக்கிடமின்றி அந்தப் பிள்ளை பனித்தள மண்டபத்திலேயே படுத்துறங்கிய நாட்களும் உண்டு.

இவ்வளவையும் நான் எட்டுப் பத்து வரிகளுக்குள் அடக்கியிருந்தேன். அந்தப் பக்கம் ஒப்புநோக்கும் மேசைக்குப் போனது. எங்கள் ஒப்புநோக்காளர் ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர். எல்லோருக்கும் அவர் மாஸ்ரர்தான். சிவப்புப் பேனையும் கையுமாக எழுந்து என்னிடம் வந்தார்.

"தம்பி, இந்தப் பிள்ளையின்ரை தகப்பன் செத்ததெண்டு இதிலை எங்கை கிடக்கு?"

"இரண்டு வயசிலை விட்டுட்டுப் போன தகப்பன் இருந்தென்ன, இல்லாட்டி என்ன மாஸ்ரர்?" என்றேன் நான்.

"அதை நீர் சொல்லேலாது. அந்தப் பிள்ளை சொல்ல வேணும்."

பக்கம் அச்சுக்குப் போகும் நேரம். 'தந்தை பிரிந்து சென்ற, தாயை இழந்த' என்றெல்லாம் எழுதினால் தலைப்பு இரண்டு வரிக்குள் அடங்காது. 'பெற்றோரை இழந்த' என்றால் கச்சிதமாக அடங்கும். மாஸ்ரர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். தலைப்பு அப்படியே போயிற்று.

இனி அந்த வெற்றிக்கு வருகிறேன். நோர்வேயின் லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளின்போது பனிச்சறுக்கு நடனங்கள் பக்கத்து ஊரான ஹாமரில் நடைபெற்றன. உலகமே அந்தப் போட்டியைப் பார்த்தது. ஆனால் ஒக்ஸானாவுக்காக அல்ல. அந்த ஆண்டு ஜனவரி 6 ஆம் திகதி அமெரிக்காவின் டெற்றோயிற் நகரில், பயிற்சி முடித்து வந்த நான்சி கெரிகனின் காலில் ஒருவன் தடியால் அடித்துவிட்டு ஓடினான். அவனை ஏவியவர்களில் ஒருவர், கெரிகனின் போட்டியாளரான ரொன்யா ஹார்டிங்கின் முன்னாள் கணவர். அடிபட்டவரும், சந்தேகத்துக்கு உள்ளானவரும் ஒரே தளத்தில் ஆடப்போகிறார்கள் என்றால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றிலேயே மிக அதிகமானோர் பார்த்த நிகழ்ச்சிகளுள் ஒன்றாக அது ஆனது.

முதற்சுற்றில் கெரிகன் முன்னணியில் நின்றார், ஒக்ஸானா இரண்டாமிடம். இறுதிச் சுற்றுக்கு முதல்நாள் பயிற்சியின்போது ஒக்ஸானாவும் ஜேர்மனிய வீராங்கனை ஒருவரும் மோதிக்கொண்டனர். ஒக்ஸானாவின் கீழ்க்காலைச் சறுக்குக் கத்தி கிழித்தது, மூன்று தையல்கள். முதுகிலும் அடி. மறுநாள், பெப்ரவரி 25 ஆம் திகதி, அனுமதி பெற்ற வலிநிவாரண ஊசிகளைப் போட்டுக்கொண்டு அவர் தளத்தில் இறங்கினார். அந்த ஆட்டத்தின் ஒளிப்பதிவைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் நான் பார்த்தேன். தாவல்களின் துல்லியத்தில் கெரிகனே மேலானவர் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் ஒக்ஸானா ஆடும்போது கண்ணை எடுக்க முடியவில்லை. கைவிரல் நுனிவரை இசை ஓடுகிறது. இறுதி நொடிகளில், முன்னர் திட்டமிட்டிராத தாவல்களையும் சேர்த்துச் செய்தார். பின்னர் வெளியே வந்து பயிற்றுநரின் தோளில் விழுந்து தேம்பித் தேம்பி அழுதார்.

நடுவர்கள் ஒன்பது பேர். ஐவர் ஒக்ஸானாவுக்கும் நால்வர் கெரிகனுக்கும் முதலிடம் அளித்தனர். ஐந்தாவது வாக்கை அளித்த ஜேர்மனிய நடுவரின் கணக்கில் இருவருக்கும் மொத்தப் புள்ளி சமம். கலைத்திறனுக்கான புள்ளி ஒக்ஸானாவுக்குச் சற்றுக் கூட. அவ்வளவுதான் இடைவெளி. சுதந்திர உக்ரேனின் முதலாவது ஒலிம்பிக் தங்கம் அது. அந்த நாட்டின் தேசிய கீத ஒலிநாடாவைத் தேடியெடுக்க நேரம் பிடித்ததால் பதக்கமளிப்பு வைபவம் தாமதமாயிற்று. புதிய நாடு ஒன்றின் கீதத்தை யாரும் எதிர்பார்த்து வைத்திருக்கவில்லை போலும்.

இந்த இடத்தில் ரொன்யா ஹார்டிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த இரவில் எட்டாவதாக வந்தவர் அவர். ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லன்ட் நகரில் வறுமையில் வளர்ந்தவர். தாய் உணவகத்தில் பரிமாறும் வேலை செய்து, மகளின் ஆடைகளைத் தம் கையால் தைத்துக் கொடுத்தவர்; அதே தாய் தம்மை அடித்து வதைத்தார் என்று மகளும், இல்லை என்று தாயும் பிற்காலத்தில் சொல்லிவந்தனர். முன்னோக்கிப் பாய்ந்து மூன்றரைத் தரம் சுழன்று இறங்கும் தாவலைப் போட்டியில் செய்துகாட்டிய முதல் அமெரிக்கப் பெண் ரொன்யாதான். அது 1991 இல். 1994 மார்ச் மாதம், தாக்குதல் வழக்கின் விசாரணைக்கு இடையூறு செய்ததாக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு நடுப்பகுதியில் அமெரிக்கச் சங்கம் அவருக்கு ஆயுட்காலத் தடை விதித்தது.

அவர் செய்ததை நியாயப்படுத்த நான் வரவில்லை. என் குறை எங்களுடைய எழுத்தைப் பற்றியது. ஒரே வாரத்தில், ஒரே மேசையிலிருந்து இரண்டு பெண்களின் பிள்ளைப் பருவத்தையும் நாங்கள் எழுதினோம். ஒக்ஸானா வென்றதால் அவருடைய துயரம் மாலையாகக் கழுத்தில் விழுந்தது. ரொன்யா தோற்று, குற்றத்திலும் சிக்கியதால், அவருடைய துயரம் 'அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள்தானே' என்ற குற்றப்பத்திரிகையாக மாறியது. ஐந்து நடுவர்களில் ஒருவர் வேறுவிதமாகப் புள்ளியிட்டிருந்தால் ஒக்ஸானாவைப் பற்றி என்ன எழுதியிருப்போம்? அனேகமாக ஒன்றுமே எழுதியிருக்கமாட்டோம். அவருடைய தாய் இறந்தது அப்போதும் உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

'உலகை வென்றாள்' என்ற சொல்லிலும் ஒரு பொய் இருந்தது. அவளாகவே வென்றாள் என்ற பொருள் அதற்குள் ஒளிந்திருக்கிறது. உண்மையில் நடந்தது என்ன? ஒடெசா நகரில் கலீனா ஸ்மியெவ்ஸ்கயா என்ற பயிற்றுநர் தம் வீட்டுக்கே அந்தப் பிள்ளையைக் கூட்டிச் சென்றார். அவருடைய இளைய மகளின் அறையிலேயே ஒக்ஸானாவுக்கும் படுக்க இடம் கிடைத்தது. மூத்த மகளின் கணவர் விக்ரர் பெத்ரென்கோ, 1992 ஒலிம்பிக்கில் ஆண்கள் பிரிவில் தங்கம் வென்றவர். அவர் தம் பணத்தில் ஒக்ஸானாவின் சறுக்குச் சப்பாத்துக்கும் உடுப்புக்கும் செலவழித்தார். நாடே வறண்டு கிடந்த காலத்தில் மாற்றான் பிள்ளைக்குக் கைவிட்டுச் செலவு செய்வது எளிதன்று. (இதே பெத்ரென்கோ 2022 இல், போர் நடந்துகொண்டிருக்கையில், ரஷ்யாவின் சோச்சி நகரில் நடந்த பனிச்சறுக்கு நிகழ்ச்சியொன்றில் ஆடித் தம் நாட்டவரின் கடும் கோபத்துக்கு ஆளானார். அந்தக் கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. என்றாலும் 1992 இல் அவர் செய்தது செய்ததுதான்.) அந்த வீட்டுக்குப் போய் ஓராண்டுக்குள், 1993 இல், பிறாக் நகரில் ஒக்ஸானா உலகச் சம்பியன் ஆனார். வயது பதினைந்து. என் தலைப்பில் அந்த வீடு இல்லை. செய்தியின் கடைசிப் பந்தியில் இருந்தது; இடம் போதாமையால் அதையும் நான் வெட்டினேன்.

தங்கம் கிடைத்த பின்னர் நடந்தவை எங்கள் பத்திரிகையில் ஒரு வரிகூட வந்ததில்லை. அந்த ஆண்டிலேயே ஒக்ஸானா தொழில்முறை ஆட்டத்துக்கு மாறினார். அமெரிக்காவில் சுற்றுப்பயணங்கள், பெருந்தொகை ஒப்பந்தங்கள். அவருடைய வாழ்க்கை அவருக்குப் பதினேழு வயதாகிய வேளையிலேயே தொலைக்காட்சித் திரைப்படமாகவும் வந்துவிட்டது. கனெற்றிகட் மாநிலத்தின் சிம்ஸ்பரியில் குடியேறினார். ஸ்மியெவ்ஸ்கயாவும் பெத்ரென்கோவும் அங்கேயே வந்துசேர்ந்தனர். வீடாக இருந்தவர்களே தொழிற்கூட்டாளிகளாகவும் ஆன நிலை. உடல் வளர்ந்தது, முன்னர் எளிதாக வந்த தாவல்கள் வரமறுத்தன. 1997 ஜனவரியில் மதுபோதையில் காரை ஓட்டிச் சென்று மரங்களில் மோதினார். பத்தொன்பது வயது, அந்த நாட்டில் மது அருந்துவதற்கான சட்டபூர்வ வயதுகூட அப்போது அவருக்கு ஆகவில்லை. அதே ஆண்டில் ஸ்மியெவ்ஸ்கயாவிடமிருந்தும் பிரிந்தார். 1998 இல் மதுப்பழக்கத்திலிருந்து விடுபடுவதற்கான சிகிச்சை நிலையத்தில் சேர்ந்தார். தம் குடிப்பழக்கத்தைப் பற்றி அவரே பின்னர் ஒளிக்காமல் பேசியிருக்கிறார். அந்த மீட்சியை எவரும் முதற்பக்கத்தில் போடவில்லை. தையல் போட்ட காலோடு நாலு நிமிடம் ஆடுவதற்கு வேண்டியதைவிட, அதற்கு அதிக மனவலிமை வேண்டியிருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

2003 ஆம் ஆண்டில் அவர் தம் பிறந்த நகருக்குப் போய்த் தந்தையைக் கண்டுபிடித்துச் சந்தித்தார். செய்தியை இணையத்தில் வாசித்தபோது எனக்கு மாஸ்ரரின் ஞாபகம்தான் முதலில் வந்தது. இருபத்துநாலு ஆண்டுகள் தேடாமல் இருந்தவரையும் அந்தப் பெண் தேடிப் போயிருக்கிறாள். இருந்தென்ன, இல்லாட்டி என்ன என்று நான் சொன்ன தகப்பன். மாஸ்ரர் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். போய்ச் சொல்வதற்கு ஆள் இல்லை.

இத்தனை ஆண்டு கழித்து இதையெல்லாம் கிளறுவதற்கு எங்கள் தொழிற்பழக்கம் ஒன்றே காரணம். போருக்குப் பின்னர் ஒவ்வொரு ஆண்டும் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாட்களில், பெற்றோரை இழந்தும் சாதித்த மாணவி, இல்லத்தில் வளர்ந்து பல்கலைக்கழகம் செல்லும் மாணவன் என்றெல்லாம் நாமும் எழுதுகிறோம். அப்படிப் பத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளை நானே திருத்தி அனுப்பியிருக்கிறேன். சிலவற்றை எழுதியும் இருக்கிறேன். படம் எடுப்போம், ஊக்கமூட்டும் நாலு வரி வாங்குவோம், திரும்பிவிடுவோம். அந்தப் பிள்ளைகளில் ஒருவரையேனும் ஐந்தாண்டு கழித்து மறுபடி போய்ப் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை. அந்தக் கட்டுரைகளால் உதவி கிடைத்த பிள்ளைகளும் உண்டு; அதை மறுக்கமாட்டேன். ஆனால் 'துன்பத்தை வென்றாள்' என்று எழுதிய கணத்திலேயே அந்தப் பிள்ளை இனி அழக்கூடாது, தவறக்கூடாது, வகுப்பில் பின்தங்கக்கூடாது என்ற ஒரு பாரத்தையும் நாம் ஏற்றிவிடுகிறோம். ஒக்ஸானா காரை மரத்தில் மோதியபோது பல பத்திரிகைகளின் தொனியில் ஏமாற்றம் தெரிந்தது. கொடுத்த கதையை அவர் கெடுத்துவிட்டார் என்பதுபோல.

2022 ஜூனில் சர்வதேச பனிச்சறுக்குச் சம்மேளனம், முதியோர் பிரிவுப் போட்டிகளில் பங்கெடுக்கும் குறைந்தபட்ச வயதைப் படிப்படியாகப் பதினேழாக உயர்த்த முடிவு செய்தது. அந்த ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில், பதினைந்தே வயதான ரஷ்ய வீராங்கனை கமிலா வலியெவா ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கி, இறுதிச் சுற்றில் விழுந்தெழும்பி அழுததை உலகம் பார்த்ததற்குப் பிந்திய முடிவு அது. நான் அதை வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். குழந்தை உடலின் இலேசை வைத்துப் பதக்கம் பொறுக்கிவிட்டு, உடல் வளர்ந்ததும் எறிந்துவிடும் வியாபாரத்துக்கு ஏதோ ஒரு வேலி வேண்டும்.

ஆனால் இந்த விதியை அன்று வைத்துப் பார்த்தால், ஒக்ஸானா 1993 இல் பிறாக் நகருக்கும் போயிருக்க முடியாது, 1994 இல் ஹாமருக்கும் போயிருக்க முடியாது. தாயில்லாத, வீடில்லாத, நாடே புதிதாகப் பிறந்து தள்ளாடிய ஒரு பிள்ளையிடம் '1998 வரை பொறுத்திரு' என்று யார் சொல்லியிருப்பார்கள்? அந்த நாலு வருடத்துக்கும் யார் சோறு போட்டிருப்பார்கள்? பெத்ரென்கோவின் பணமும் எத்தனை காலத்துக்குத் தாங்கியிருக்கும்? வயதை உயர்த்திய சம்மேளனம், அந்த வயது வரும்வரை பிள்ளை யாருடைய வீட்டில் உறங்கும் என்பதற்கும் பொறுப்பேற்றால்தான் விதி முழுமையாகும் என்று எனக்குப் படுகிறது. அப்படிப் பொறுப்பேற்கும் சங்கங்கள் பணக்கார நாடுகளில் இருக்கலாம். ஒடெசாவில் 1992 இல் இருந்தது ஓர் அறை, அதில் ஒரு படுக்கை.

நறுக்கைத் திரும்ப அலுமாரியில் வைக்கு முன்னர், தலைப்பில் 'பெற்றோரை' என்ற சொல்லின்மேல் சிவப்புப் பேனையால் ஒரு கோடிழுத்து, ஓரத்தில் 'தாயை' என்று எழுதினேன். மாஸ்ரர் திருத்தும் விதத்தில்தான். எழுதிப் பார்த்தபோது தலைப்பு இரண்டு வரிக்குள் வசதியாகவே அடங்கியது.